பேசி முடிக்கட்டும்

அக்டோபர் 6, ஞாயிறு

நேற்று சாத்தூரில் நவராத்திரி பட்டிமன்றம். குடும்பத்தில் நிம்மதி கணவனாலா, மனைவியாலா என்ற பழைய தலைப்புதான். நடுவர் ஆவுடையப்பன் அண்ணன். எனக்கு மனைவி அணி. கூட்டம் கோயில் வாசலைத் தாண்டி பஸ் போகிற ரோடு வரைக்கும் நின்றது. நான் எழுந்து மைக்கைப் பிடித்ததுமே கை தட்டினார்கள். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குள்ளே! இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கு அப்படித் தட்டுகிறார்கள், சொல்லட்டும் பார்ப்போம். வாரநாளில் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியை, வாரக்கடைசியில் மேடை என்று இருபத்திரண்டு வருஷமாக ஓடுகிறேன். ஒரு நிகழ்ச்சியைக்கூட வரமுடியாது என்று நான் சொன்னதில்லை.

ஆரம்பத்தில் வெளுத்து வாங்கினேன். அப்புறம் உப்பு ஜோக்குக்கு வந்தேன். அதைக் கேட்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. "எங்க வீட்டுக்காரர் இருக்காரே, கல்யாணமான புதுசுல சாப்பிட உக்காந்தார். 'சாம்பார்ல உப்பு'ன்னார். கூடவா குறைவான்னு இன்னும் சொல்லலை. அடுத்த வார்த்தைக்கு இருபத்தெட்டு வருஷமா கரண்டியோட நிக்கேன்!" இவ்வளவுதான் ஜோக். சொல்லிவிட்டுக் கரண்டி பிடித்த மாதிரிக் கையை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

"எங்க வீட்டுக்காரர்" வரைக்கும் வந்தது. அதற்குமேல் தொண்டை அடைத்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காலுக்குக் கீழே மேடை இருக்கிறதா என்றே சந்தேகமாகிவிட்டது. "நேரம் கருதி அமர்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நடுவர் மணியைத் தொடக்கூட இல்லை.

ஐஸ் தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தால் தொண்டை என்ன ஆகும்? அந்தக் கமிட்டிக்காரர்களுக்கு அறிவு வேண்டாமா?

காலையில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓடவிடாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, அது வேறு விஷயம்.

அக்டோபர் 7, திங்கள்

மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை. பன்னிரண்டாம் வகுப்புக்கு இரண்டு பீரியட் கணீரென்று நடத்தினேன். தொண்டை சரியாகிவிட்டது.

அக்டோபர் 13, ஞாயிறு

சரியாகவில்லை. நேற்று சங்கரன்கோவில். அதே இடம், அதே அடைப்பு. நேரம் கருதி அமர்ந்தேன். எதிரணியில் பேசுகிற மாடசாமி, என்னைவிட வயதில் சின்னவன், எழுந்ததும், "அக்காவுக்கே பாயிண்ட் தீந்துபோச்சு பாத்தீங்களா" என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தான். தொழிலில் அது சகஜம்தான். ஆனாலும் சுருக்கென்றது.

வேனில் திரும்பும்போது ஆவுடையப்பன் அண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். "செண்பகம், அந்தப் பகுதியைக் கொஞ்ச நாளைக்கு விட்டுருவோமேம்மா. பால்வண்ணன் போயி நாலு மாசம்கூட ஆகலை."

"அண்ணே, அவர் போனது நம்ம கோவில்பட்டிக்குத் தெரியும். சங்கரன்கோவிலுக்குத் தெரியுமா? மேடையில அவர் இருக்கார்."

"அதுக்கில்லம்மா…"

"அது என் முத்திரை ஜோக்கு. அதை விட்டுட்டு நான் என்னத்தைப் பேச?"

அவர் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மாடசாமி தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டான்.

சரி, எழுதிவிட்டேன். ஆனி மாசம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். நெஞ்சுவலி. காரியமெல்லாம் முடிந்த அடுத்த வாரமே நான் மேடை ஏறினேன், அதே பொட்டு, அதே பூவோடு. இப்படியும் ஒரு தைரியமா என்று பார்த்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். ஆமாம், அப்படி ஒரு தைரியம்தான். மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவதற்கா எங்கப்பா என்னை எம்.ஏ. படிக்க வைத்தார்? ஆடி, ஆவணியில் எத்தனை கோயில் கொடைத் திருவிழாக்களில் உப்பு ஜோக்கைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன்! அப்போதெல்லாம் வராத அடைப்பு இப்போது எங்கிருந்து வந்தது?

தொண்டை டாக்டரைப் பார்த்துவிட வேண்டியதுதான்.

அக்டோபர் 16, புதன்

தொண்டை டாக்டர் சின்னப் பையன். குழாயை மூக்கு வழியாக விட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் டிவியில் காட்டினான். குரல்நாண் சுத்தமாக இருக்கிறதாம். "இந்த வயசுல இப்படி ஒரு தொண்டையை நான் பாத்ததில்ல டீச்சர்" என்றான். அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் கேட்டான். "வகுப்புல அடைக்குதா?"

"இல்ல."

"போன்ல பேசும்போது?"

"இல்ல."

"அப்ப தொண்டை எப்படி டீச்சர் இடம் பாத்து அடைக்கும்?"

கையெழுத்துப் போட்டுக்கொண்டே, ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்த்தால் நல்லது, திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறார்கள் என்றான். எனக்கு வந்ததே கோபம்! ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் சிரிக்க வைக்கிறவளுக்குப் புத்தி சரியில்லையாமே. வெளியே வந்து சீட்டைக் கசக்கி எறியப்போனேன். எறியவில்லை. பையில் கிடக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

வடிவு போன் செய்தாள். என் மகள், கோயம்புத்தூரில் வேலை. டாக்டர் சொன்ன கூத்தைச் சிரிப்பாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் போய்க்கிட்டுதான்மா இருக்கேன்" என்றாள்.

"எங்கட்டி போறே?"

"கவுன்சலிங். அப்பா போனதுக்கு அப்புறம் ஆபீஸ்ல உக்காந்து திரையையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வேலையும் ஓடலை. வாரம் ஒரு தடவை போறேன்."

பெத்த தாய் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன், இவள் யாரோ ஒருத்தியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்! "என்கிட்ட சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"உன்கிட்ட சொன்னா நீ ஜோக்கு சொல்லுவே."

பட்டிமன்றமாக இருந்தால் இதற்குப் பதில் சொல்லியிருப்பேன்.

"பைத்தியம்தான் போகணும்னு யாரும்மா சொன்னா? எலும்பு முறிஞ்சாத்தான் வைத்தியமா? சுளுக்குக்கும் பத்துப் போடுதோம்ல. மாத்திரை குடுக்கிற டாக்டர் வேற, அது தேவைன்னா அவங்களே அனுப்புவாங்க. இவங்க உக்காந்து பேசறவங்க. சரி, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நல்லா தூங்கறியா? ஒழுங்கா சாப்பிடறியா? உனக்கு உசுரு மேடை. அதுல பேச முடியுதா? எதுக்குமே ஆமான்னு சொல்ல முடியலைன்னா அப்புறம் எதுக்கும்மா காத்திருக்கே?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கேன்."

"எதுத்த வீட்டு அத்தை சொன்னாங்க, நீ ஆனி மாசத்துல இருந்து சாம்பாரே வைக்கலையாம்."

ஒரு ஆளுக்கு எதுக்குச் சாம்பார்? ரசமும் துவையலும் போதாதா? அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்ப்பதே இந்தத் தெருவுக்கு வேலையாகிவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. தெருவெல்லாம் வெடி. அவர் ஸ்கூட்டரை ஓடவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மத்தியானம் பெர்மிஷன் போட்டுப் பாளையங்கோட்டை போய்வந்தேன். வேலை இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

என் டைரியில் நானே பொய் எழுதினால் அதைப் படிக்கப்போவதும் நான்தான். பாளையங்கோட்டையில் ஜெசிந்தா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். வீட்டு மாடியில் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பாட்டில். கட்டிலும் இல்லை, கரண்ட் ஷாக்கும் இல்லை. நான் வேறு என்னென்னவோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

போன வாரம் குறிப்புச் சீட்டோடு போனேன். பட்டிமன்றத்துக்குப் போகிற மாதிரியே, உள்ளங்கை அளவு அட்டையில் பாயிண்ட் எழுதி. ஒன்று, எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு, கோளாறைத் தொண்டையில் வைத்துக்கொண்டு மனசைக் குறை சொல்வது தவறு. இப்படியே போகும். நடுவில் இரண்டு ஜோக்கு. பேசி முடித்துத் தண்ணி குடித்தேன். அந்தப் பெண் அமைதியாகக் கேட்டாள்: "இங்க எதிரணி யாரும்மா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவள் கேலியாகக் கேட்கவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், "சரி, தீர்ப்பு என்ன?"

"தீர்ப்பு கிடையாதும்மா. அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

தீர்ப்பே சொல்லாத ஒரு நடுவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். அதற்கு மட்டும் சிரித்தாள், வாய் விட்டு. நல்ல சிரிப்பு. அதற்காகத்தான் இன்றைக்கு இரண்டாவது தடவை போனேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்றைக்கு ஒன்று கேட்டேன். என்னை மாதிரி ஆட்கள் எப்போது வர வேண்டும், எவ்வளவு முற்றினால் வர வேண்டும் என்று. "முத்த வேண்டாம்மா. இதைத் தனியாத் தூக்க முடியலைன்னு உங்களுக்கே தெரிஞ்சா போதும். அது தெரிஞ்சுதானே பஸ் ஏறினீங்க" என்றாள். தொண்டை டாக்டர் அனுப்பினான், மகள் நச்சரித்தாள், அதனால் ஏறினேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவளோடு வாதாடவே முடியவில்லை. எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறாள்.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. கயத்தாறில் பஸ் நின்றுவிட்டது. நனைந்துகொண்டே போனேன். கடைசிக் கொஞ்ச நேரம்தான் கிடைத்தது. மூச்சை எப்படி விடுவது, படபடப்பு வந்தால் காலை எப்படித் தரையில் ஊன்றி நிற்பது என்று சொல்லிக்கொடுத்தாள். ஐம்பத்து நாலு வயதில் நிற்கப் பழகுகிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

"அவர் இறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியுமா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

வடிவிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

அன்றைக்கு நான் கரூரில் மேடையில் இருந்தேன். சாயங்காலம் அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. எதிர்வீட்டு சுயம்பு அண்ணாச்சிதான் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஏற்றினதும் எனக்குப் போன் போட எடுத்திருக்கிறார். இவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார். "அண்ணாச்சி, செண்பகத்துக்கு இப்பப் போன் போடாதீங்க. மேடையில இருப்பா. பேசி முடிக்கட்டும்." ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே முடிந்துவிட்டது. வேறு எதுவும் பேசவில்லையாம்.

அந்த நேரத்தில் நான் கரூரில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் அணிக்குத்தான் தீர்ப்பு. மாலை போட்டார்கள். அப்புறம்தான் போனைப் பார்த்தேன்.

இதைச் சொன்னேன். ஜோக்கு எதுவும் வரவில்லை. ஜெசிந்தா "ஐயோ, பாவம்" என்று சொல்லவில்லை, அழாதீர்கள் என்றும் சொல்லவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அழுதேன். நன்றாக அழுதேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். கோவில்பட்டி வந்ததும் கண்டக்டர் எழுப்பினார்.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று எட்டயபுரம். ஆவுடையப்பன் அண்ணன் புதுத் தலைப்புப் பிடித்திருந்தார். "மனக்கவலைக்கு மருந்து வீட்டு மனிதர்களா, மனநல ஆலோசகரா?" எனக்கு வீட்டு மனிதர்கள் அணி. வீட்டு ஜோக்கில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று எனக்கே அதைக் கொடுத்துவிடுவார். கொடுத்த பக்கத்துக்குப் பேச வேண்டும், அதுதான் தொழில் தர்மம். இன்றைக்குக் கணவன் என்பேன், நாளைக்கு மனைவி என்பேன். நடுவில் அணி மாற்றிக் கேட்பது கௌரவக் குறைச்சல். நான் எதற்கு நாற்காலியில் நெளிய வேண்டும்?

வீட்டுக்காரர் பக்கமே போகவில்லை. ஆலோசகரைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு நாற்காலி, ஒரு தண்ணிப் பாட்டில். நாம அழுவோம், அவங்க பாட்டிலை நகத்துவாங்க. இந்தப் பாட்டிலை நகத்த எங்க வீட்டுல ஆள் இல்லையா? அம்மா மடியை விட்டுட்டு நாற்காலியைத் தேடிப் போறவனை என்னன்னு சொல்ல?" கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு என் பழைய கைத்தட்டல்! மாடசாமியால் எழுந்து ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் அணிக்கே தீர்ப்பு. முடிவுரையைச் சொல்லாமல் நேரம் கருதி அமர்ந்தேன், அதை யாரும் கவனிக்கவில்லை.

கீழே இறங்கினதும் ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாரிக்கனியாம், அந்த ஊர்தான். "எம் மக பொன்செல்வி காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து வந்தவ ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்காம்மா. தலை சீவ மாட்டேங்கா, சோத்தைத் தொட மாட்டேங்கா. அவ டீச்சரு யாரோ ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. நாளைக் கழிச்சுப் போறதா இருந்தோம். நீங்க சொன்னீங்க பாத்தீங்களா, அதான் சரி. எங்கயும் போக வேண்டாம். நாங்களே பாத்துக்கிடுதோம்" என்றாள். கண்ணில் தண்ணி. என்னைக் கும்பிட்டாள்.

நானும் கும்பிட்டேன். வேனில் ஏறிவிட்டேன்.

நான் பேசினால் ஊர் கேட்கும் என்று இத்தனை வருஷமாகப் பெருமை அடித்துக்கொண்டேன். கேட்டுத்தான் விட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணிப் பாட்டில் உட்பட. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்காளாம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

"நான் என்ன செய்ய?"

"உங்களுக்கு என்ன செய்யத் தோணுது?"

"அந்த அம்மாகிட்ட நான் பேசினது பொய்னு சொல்லணும்."

"எல்லாமே பொய்யா?"

யோசித்தேன். வீட்டு மனிதர்கள் வேண்டும் என்பது எப்படிப் பொய்யாகும்? அவர் இருந்தபோது எனக்கு எந்த நாற்காலியும் தேவைப்படவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் முழுசாகக் கேட்பார். பாதி நிஜம்தான். நான் அந்தப் பாதியை மட்டும் விற்றுவிட்டேன்.

டிசம்பர் 7, சனி

கமிட்டிக்காரரிடம் விசாரித்து மாரிக்கனி வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். தீப்பெட்டி செய்கிற ஆபீசுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டிமன்றத்து அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்கள் என்று தெருவே கூடிவிட்டது. காப்பி வந்தது, கடலைமிட்டாய் வந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கூட்டத்தை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன்.

"மாரிக்கனி, பொன்செல்வியை அந்த ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போ."

அவள் திகைத்தாள். "நீங்கதானம்மா போக வேண்டாம்னீங்க?"

"அது எனக்குக் குடுத்த பக்கம். பட்டிமன்றத்துல குடுத்த பக்கத்துக்குத்தான் பேசுவோம். மாடசாமி பக்கத்தைக் குடுத்திருந்தா அதுக்கும் இப்படித்தான் பேசியிருப்பேன்."

"எனக்கு அது தெரியாதேம்மா. நீங்க சொன்னா நிஜம்னுல்லா நினைச்சேன்."

எனக்குப் போடுகிற மாலையெல்லாம் இந்த நினைப்புக்குத்தான் போடுகிறார்கள். இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது.

"நானே போறேன், மாரிக்கனி. செவ்வாய்க்கிழமை தோறும் பாளையங்கோட்டைக்கு. பாட்டில் கதை எனக்கு எப்படித் தெரியும்னு நினைச்சே? எங்க வீட்டுக்காரர் ஆனி மாசம் இறந்துட்டார். ஊரெல்லாம் அவர் உசுரோட இருக்க மாதிரி சொல்லிச் சிரிக்க வச்சேன். தொண்டை அடைச்சுப்போச்சு. பாதியில பாதியில உக்காந்தேன். என் மக இருக்கா, தங்கமான மக. அவகிட்ட சொல்ல முடியலை. அவளும் அப்பாவைப் பறிகுடுத்தவ, அவ தலையில நான் எப்படி இறக்க? வெளியாள் ஒருத்தர் வேண்டியிருந்துச்சு."

அவர் இறந்துவிட்டார் என்று என் வாயால் வீட்டுக்கு வெளியே சொன்னது இதுதான் முதல் தடவை, ஜெசிந்தாவைத் தவிர. தொண்டை அடைக்கவில்லை.

மாரிக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நாங்க எதுக்கும்மா இருக்கோம்?"

"நீ கூட்டிட்டுப் போகணும். வாசல்ல உக்காந்திருக்கணும். திரும்பி வந்ததும் எதையும் நோண்டிக் கேக்காம சோறு போடணும். அதுக்கு வீட்டு மனுஷங்கதான் வேணும்."

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளை சிக்குப்பிடித்த தலையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அங்க போனா என்னெல்லாம் கேப்பாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நிறையக் கேக்க மாட்டாங்கம்மா. நீ பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பாங்க."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

வெயில் ஏறும்வரை தூங்கிவிட்டேன். ஸ்கூட்டர் ஞாபகமே வரவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

அரையாண்டுத் தேர்வுத்தாள் கட்டு இன்னும் பாதி பாக்கி. 'உவமை' என்பதை ஒரு மகராசி 'உமை' என்று எழுதி, கூடவே சிவனையும் இழுத்து வந்திருக்கிறாள். கற்பனைக்கு அரை மார்க் போட்டேன்.

ஆவுடையப்பன் அண்ணன் போன். காணும் பொங்கலுக்குக் கோவில்பட்டியிலேயே நிகழ்ச்சி. எட்டயபுரத்தில் பேசின அதே தலைப்புதான் வேண்டும் என்கிறார்களாம்.

"வாறேன்ணே. ஆனா எனக்கு ஆலோசகர் அணி வேணும்."

"இத்தனை வருஷத்துல நீ அணி கேட்டதே இல்லையே, செண்பகம்."

"இப்பக் கேக்கேன்."

"அது தோக்குற அணிம்மா. உள்ளூரு வேற."

"தோத்துட்டுப் போறேன்."

பத்து நிமிஷத்தில் மாடசாமி கூப்பிட்டான். "எங்க வீட்டுல என் பேச்சை நாய்கூடக் கேக்காது. வீட்டு மனுஷங்களைப் பத்தி நான் என்னத்தைப் பேச, அக்கா?" என்று புலம்பினான். உப்பு ஜோக்கு தவிர என் ஜோக்கில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். பையன் மகிழ்ந்துபோனான்.

அப்புறம் மாரிக்கனி. இரண்டு தடவை போய்வந்துவிட்டார்களாம். அங்கே என்ன பேசினாள் என்று பொன்செல்வி சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. "நேத்து தலை சீவி விடச் சொன்னாம்மா" என்றாள். இரண்டு பேரும் போனை வைக்காமலே கொஞ்ச நேரம் இருந்தோம்.

ஜனவரி 16, வியாழன்

வடிவு வந்திருக்கிறாள். சாம்பார் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம். அப்புறம் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. சாயங்காலம் நிகழ்ச்சி.

ஜனவரி 17, வெள்ளி

தீர்ப்பை முதலில் எழுதிவிடுகிறேன். ஆவுடையப்பன் அண்ணன் வழக்கம்போல் இரண்டும் வேண்டும் என்று வழவழவென்று முடித்தார். மாடசாமி என் ஜோக்கையெல்லாம் வைத்து நன்றாகவே பேசினான். ஸ்கூட்டரை இன்று காலை வடிவு வெளியே எடுத்தாள். என்னைப் பின்னால் உட்காரவைத்து மார்க்கெட் வரை போய்வந்தாள்.

இனி நேற்றைய மேடை.

உள்ளூர்க் கூட்டம். பாதிப் பேர் என்னிடம் தமிழ் படித்தவர்கள். அவர் செத்தது எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில், உள்ளூர் நிகழ்ச்சி என்றால் அவர் எப்போதும் உட்காருகிற ஓரத்து நாற்காலியில் வடிவு இருந்தாள். பக்கத்தில் சுயம்பு அண்ணாச்சி. எழுந்தேன். மைக்கைப் பிடித்தேன். "எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

அடைத்தது. கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. ஆவுடையப்பன் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். 'நேரம் கருதி' என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். காலை ஊன்றினேன். சமுக்காளம் சொரசொரவென்று பாதத்தில் பட்டது. மூச்சை விட்டேன். காத்திருந்தேன். என் கூட்டம், என் ஊர். காத்திருக்கட்டுமே!

குரல் வந்தது. உப்பு ஜோக்கைச் சொன்னேன். முழுசாகச் சொல்லிவிட்டுக் கரண்டியோடு நின்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சுயம்பு அண்ணாச்சி மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடுத்த வார்த்தையை அவர் போன ஆனி மாசம் சொன்னார்" என்றேன். "என்கிட்ட இல்ல. நெஞ்சு வலியோட ஆட்டோவுல போகும்போது, போன் போட எடுத்த அண்ணாச்சிகிட்ட சொன்னார். 'செண்பகத்துக்கு இப்பப் போன் போடாதீங்க. மேடையில இருப்பா. பேசி முடிக்கட்டும்.' இதைத் தூக்கிக்கிட்டு நான் பல மாசம் ஊர் ஊரா அலைஞ்சேன். பேசி முடிக்க முடியலை. கடைசியில பாளையங்கோட்டையில ஒரு நாற்காலியில போய் உக்காந்தேன். அங்கதான் இதை முதல் தடவையா வாய் விட்டுச் சொன்னேன். நான் செவ்வாய்க்கிழமை தோறும் அங்க போறவ. இன்னும் போவேன். இந்த ஊருல உங்க பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கிற செண்பகவல்லி போறா. அதனால இனிமே யாரும் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போக வேண்டாம். தலை நிமிர்ந்து போங்க."

வடிவு எழுந்து நின்றாள். அப்புறம் கூட்டமே எழுந்து நின்று தட்டியது. எனக்கு அது போதவில்லை. இன்னும் எட்டு பாயிண்ட் பாக்கி இருந்ததே! கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன், ஜோக்கோடு, பாட்டில் கதையோடு. அதற்குச் சிரித்தார்கள், வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்குக் கொடுத்த நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆவுடையப்பன் அண்ணன் மணியைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார், அடிக்காமல் மேசையில் வைத்துவிட்டார். முன்வரிசையிலிருந்து சுயம்பு அண்ணாச்சி சத்தமாகச் சொன்னார்: "விடுங்கய்யா. பேசி முடிக்கட்டும்."

முடிவுரை வரைக்கும் சொன்னேன். பேசி முடித்தேன்.